நெரிசல் எங்கே உறைக்கிறது? ஒரு தெருவை அளந்து பார்க்கும் முறை

ஒரே அளவு இடம், ஒரே தலைக்கணக்கு. ஓரிடத்தில் நிற்பவர் ‘நல்ல கலகலப்பு’ என்கிறார். இன்னோரிடத்தில் நிற்பவர் ‘மூச்சு முட்டுது’ என்கிறார். அடர்த்தி என்பது எண்ணிச் சொல்லக்கூடியது. நெரிசல் என்பது அந்த இடத்தில் மாட்டிக்கொண்டவருக்கு வரும் உணர்வு. உளவியலாளர் டேனியல் ஸ்டோகல்ஸ் 1972-இலேயே இவ்விரண்டையும் பிரித்து எழுதிவிட்டார். ஆனாலும் திட்ட அறிக்கைகள் பலவற்றில் இன்றும் ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றிப் போடுகிறார்கள். அதன் விளைவாக, தீர்வு என்றாலே ‘ஆட்களைக் குறைப்பது’ என்று முடிந்துவிடுகிறது. அது செலவு பிடிக்கும், நாளாகும், பல நேரம் தேவையே இருக்காது.

ஒரு தெருவையோ குடியிருப்பையோ எடுத்துக்கொண்டு, எண்ணையும் உணர்வையும் தனித்தனியே அளந்து, பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்க்கும் முறை இது. இரண்டு பேர் போதும். 30 மீட்டர் அளவு நாடா, கையால் அமுக்கி எண்ணும் கருவி, கோணம் காட்டும் கைப்பேசி, இடத்தின் வரைபடம், அச்சிட்ட கேள்வித்தாள் இவை வேண்டும். ஒரு வேலை நாள், ஒரு விடுமுறை நாள் ஒதுக்குங்கள். ஒரே நாளில் முடித்தால் கிடைப்பது அந்த ஒரு நாளின் கதைதான்.

கோட்டை எங்கே போடுகிறீர்கள்?

அடர்த்திக் கணக்கில் பிழை பெரும்பாலும் வகுத்தலில் வருவதில்லை, எல்லைக் கோட்டில்தான் வருகிறது. 4 ஹெக்டேரில் 1,200 பேர் என்றால் ஹெக்டேருக்கு 300. அதே எல்லைக்குள் ஒரு ஹெக்டேர் பூங்காவும் அரை ஹெக்டேர் பெருஞ்சாலையும் இருந்து, அவற்றைக் கழித்தால் மிச்சம் 2.5 ஹெக்டேர், அடர்த்தி 480. முன்னது மொத்த அடர்த்தி, பின்னது நிகர அடர்த்தி. இரண்டும் சரிதான். எது எது என்று எழுதாமல் விடுவதுதான் தவறு. இன்னோர் இடத்தோடு ஒப்பிடும்போது இரண்டு பக்கமும் ஒரே வகையா என்று முதலில் பாருங்கள்.

அடுத்து வருவது பலரும் தாண்டிப்போகும் கணக்கு. ஒரு ஹெக்டேரில் 500 பேர் நெருக்கமாகவும், அதையொட்டிய 9 ஹெக்டேரில் 100 பேர் பரவலாகவும் வசிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேர்த்து வகுத்தால் ஹெக்டேருக்கு 60. அங்கே வசிக்கும் யாருக்குமே 60 தெரியாது. ஆறில் ஐந்து பேர் 500-இல் வாழ்கிறார்கள், மற்றவர்கள் 11-இல். ஆட்களின் எண்ணிக்கையை எடையாக வைத்துக் கணக்கிடுங்கள்: 500 பேருக்கு 500, 100 பேருக்கு 11.1, பெருக்கிக் கூட்டி 600-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 419 வரும். சராசரி ஆள் உணரும் அடர்த்தி இதுதான். நிலத்தின் பக்கம் நின்று எண்ணுவதற்கும் ஆளின் பக்கம் நின்று எண்ணுவதற்கும் ஏழு மடங்கு வித்தியாசம். அமெரிக்காவின் 2010 கணக்கெடுப்பில் லாஸ் ஏஞ்சலஸ் நகர்ப்புறப் பகுதிக்குச் சதுர மைலுக்கு ஏறத்தாழ 7,000 பேரும், நியூயார்க் நகர்ப்புறப் பகுதிக்கு 5,300 பேரும் வந்தது மொத்த ஆட்களை மொத்த நிலத்தால் வகுத்ததால்தான். நியூயார்க்கைச் சுற்றிப் பல மைல் பரந்து கிடக்கும் புறநகர் அதன் சராசரியைக் கீழே இழுத்துவிட்டது. இரண்டு நகரத்திலும் நடந்து பார்த்தவர் இந்த வரிசையை ஒப்புக்கொள்ள மாட்டார்.

வீட்டுக்குள் அடர்த்தி தனிக் கணக்கு. அறைக்கு எத்தனை பேர் என்று எழுதுங்கள். ஓர் அறையை மூன்று பேருக்கு மேல் பகிர்ந்தால் இடம் போதவில்லை என்பது ஐ.நா. வாழ்விட அமைப்பு பயன்படுத்தும் வரையறை. தெரு வெறிச்சோடி இருந்தும் வீட்டுக்குள் ஆறு பேர் ஓர் அறையில் இருப்பதும் உண்டு, இதற்கு நேர்மாறும் உண்டு. இரண்டையும் ஒரே எண்ணில் கலக்காதீர்கள்.

கட்டடம் சொல்லும் பொய்

உயரமாகத் தெரிவதெல்லாம் அடர்த்தி என்று கண் நம்பிவிடும். 1999-இல் ரிச்சர்ட் ராஜர்ஸ் தலைமையிலான பிரிட்டிஷ் நகரப் பணிக்குழு இதற்கு ஒரு நல்ல படம் போட்டுக் காட்டியது. ஹெக்டேருக்கு 75 வீடு. அதை ஒற்றைக் கோபுரமாக வெட்டவெளியில் நிறுத்தலாம். தாழ்ந்த வரிசை வீடுகளாகப் பரப்பலாம். நடுவில் முற்றம் விட்டு ஓரங்களில் மட்டும் நடுத்தர உயரத்தில் கட்டலாம். மூன்றிலும் எண் ஒன்றுதான். தெருவில் நிற்பவருக்கு மூன்றும் மூன்று ஊர்.

எனவே தளப்பரப்பு விகிதத்தை (எல்லாத் தளங்களின் மொத்தப் பரப்பை மனைப் பரப்பால் வகுத்தது) மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். மனையில் எத்தனை பங்கு கட்டடம் மூடியிருக்கிறது என்பதையும் சேருங்கள். விகிதம் 1 என்றால் மனையின் பாதியில் இரண்டு தளம், கால்பங்கில் நான்கு தளம், பத்தில் ஒன்றில் பத்துத் தளம், எதுவும் ஆகலாம். மூடாத நிலத்தைத் தளப்பரப்பால் வகுத்தால், ஒவ்வொரு சதுர மீட்டர் தளத்துக்கும் கிடைக்கும் திறந்த இடம் தெரியும்: முறையே 0.5, 0.75, 0.9. பத்துத் தளக் கோபுரத்துக்கு அதிகம் வருகிறதே என்று உடனே மகிழ வேண்டாம். அந்தத் திறந்த இடம் வேலி போட்ட வண்டி நிறுத்தமாக இருந்தால் அது தாளில் மட்டும்தான் திறந்திருக்கிறது. ஆள் நிற்க முடிகிற, உட்கார முடிகிற பரப்பைத் தனியே அளந்து எழுதுங்கள்.

தெருவின் மூடுதன்மைக்குக் கோணம் போதும். ஒரு பக்கச் சுவரோரம் நின்று எதிர்ப்பக்கக் கட்டடத்தின் உச்சியைக் கைப்பேசியால் குறிபாருங்கள். 45 பாகை என்றால் உயரமும் தெரு அகலமும் சமம்; 27 என்றால் உயரம் அகலத்தில் பாதி; 18 என்றால் மூன்றில் ஒன்று. கண் உயரத்தால் சிறு பிழை வரும், பரவாயில்லை. 45-ஐத் தாண்டத் தாண்ட வானம் கீற்றாகிவிடும். கீழே ஆளே இல்லாவிட்டாலும் இறுக்கம் தெரியும்.

பிறகு கூட்டத்தைச் சொல்லும் அடையாளங்கள். கட்டடக் கலை ஆய்வாளர் ஏமோஸ் ராப்பபோர்ட் 1975-இல் சுட்டியது இது: மனிதரை நேரில் பார்க்காமலே, மனிதர் இருப்பதன் அடையாளங்களை வைத்து மூளை அடர்த்தியைக் கணக்குப் போட்டுவிடுகிறது. நின்றிருக்கும் வண்டிகள், பெயர்ப்பலகைகள், இரைச்சல், சமையல் வாடை, நிறைந்த குப்பைத் தொட்டி, வரிசையாக வாசல்கள், இரவு விளக்குகள் எல்லாம் ‘இங்கே நிறையப் பேர்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். மரமும் திறந்த பார்வையும் அதை மட்டுப்படுத்தும். 50 மீட்டருக்கு ஒருமுறை நின்று, இந்தப் பட்டியலில் எவை இருக்கின்றன என்று ஒரு கோடு போடுங்கள். பத்து நிமிட வேலை. கடைசியில் மிகவும் உதவப்போவது இந்தத் தாள்தான்.

நடப்பவர்களை எண்ணுதல்

நடைபாதையில் மிக இடுங்கிய இடத்தைத் தேடிப் பிடியுங்கள். அங்கே குறுக்கே ஒரு கோடு இருப்பதாக வைத்து, இரு திசையிலும் அதைத் தாண்டுவோரை எண்ணுங்கள். இடுப்பில் இருக்கும் குழந்தையைச் சேர்க்க வேண்டாம். தள்ளுவண்டியையும் சக்கர நாற்காலியையும் தனியாகக் குறியுங்கள். ஐந்து நிமிடத்துக்கு எண்ணுங்கள், ஆனால் ஒவ்வொரு நிமிடமும் தனித்தனியே எழுதுங்கள். ஏன் என்பது பின்னால்.

அகலத்தில் ஏமாறாதீர்கள். 4 மீட்டர் நடைபாதை என்று வரைபடம் சொல்லும். சுவரை ஒட்டி யாரும் நடப்பதில்லை, அங்கே 45 செ.மீ. போச்சு. சாலையோர விளிம்பில் இன்னொரு 45. கம்பமும் மரமும் நிற்கும் வரிசை 90. மிச்சம் 2.2 மீட்டர். கணக்கு இதில்தான் செய்ய வேண்டும். 

ஐந்து நிமிடத்தில் 220 பேர் என்றால் நிமிடத்துக்கு 44, 2.2-ஆல் வகுத்தால் மீட்டருக்கு நிமிடத்துக்கு 20 பேர். நடப்போருக்கான இடத்தை ஆராய்ந்த பொறியாளர் ஜான் ஃப்ரூயின் 1971-இல் வகுத்த தர வரிசையில் 23 வரை முதல் தரம், 33 வரை இரண்டாவது, 49 வரை மூன்றாவது, 66 வரை நான்காவது, 82 வரை ஐந்தாவது. ஆளுக்குக் கிடைக்கும் இடமாகச் சொன்னால், முதல் தரத்தில் 3.25 சதுர மீட்டருக்கு மேல். கடைசியான ஆறாம் தரத்தில் 0.46-க்கும் கீழ், அதாவது கால் இழுத்து நகர்வது. ஆக 20 என்பது முதல் தரம். அறிக்கை எழுதி முடித்துவிடலாம் போல் இருக்கும்.

இப்போது நிமிடக் கணக்கைப் பாருங்கள். 25, 30, 85, 60, 20 என்று வந்திருந்தால்? மூன்றாவது நிமிடத்தில் வண்டி ஒன்று ஆட்களை இறக்கியிருக்கும், அல்லது சாலைச் சைகை பச்சைக்கு மாறியிருக்கும். அந்த நிமிடத்தில் மீட்டருக்கு ஏறத்தாழ 39 பேர், மூன்றாம் தரம். மேலே சொன்ன எடைக் கணக்கை இங்கேயும் போடுங்கள்: ஒவ்வொரு நிமிடத்தின் எண்ணையும் அதே எண்ணால் பெருக்கிக் கூட்டி (12,750), 220-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 58. ஓரமாக நின்று எண்ணியவருக்கு 44. நடந்து போனவருக்கு 58. கூட்டமான நிமிடத்தில்தான் அதிகம் பேர் இருந்தார்கள் என்பதால், அதைத்தான் அதிகம் பேர் அனுபவித்தார்கள். ‘சராசரி நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் புகார் வருகிறது?’ என்ற கேள்விக்குப் பாதி விடை இதிலேயே கிடைத்துவிடும்.

மறுபாதி, தர வரிசையின் இயல்பில் இருக்கிறது. ஃப்ரூயினின் எண்கள் ஆட்கள் தடங்கலின்றி நகர முடிகிறதா என்று பார்ப்பவை. டென்மார்க் கட்டடக் கலைஞர் யான் கெல் தெருக்களைக் கவனித்துச் சொன்ன வரம்பு இன்னும் தாழ்வானது: இருவழி நடையில், தெரு அகலத்தின் ஒவ்வொரு மீட்டருக்கும் நிமிடத்துக்கு 10 முதல் 15 பேர். அதைத் தாண்டினால் மக்கள் இணை வரிசைகளாகப் பிரிந்து, இஷ்டப்படி வளைந்து நடப்பதை விட்டுவிடுகிறார்கள். நிலையத்துக்கு ஓடுபவருக்கு 20 ஒன்றுமில்லை. கடைப் பார்வையாக, குழந்தையின் கையைப் பிடித்து நடப்பவருக்கு அது நெரிசல். தெரு எதற்கு என்று முடிவு செய்யாமல் தரத்தை எழுதாதீர்கள்.

நிற்பவர்களை வேறு விதமாக எண்ண வேண்டும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரே இடத்திலிருந்து ஒரு படம் எடுங்கள். தரையில் 2 மீட்டருக்கு 5 மீட்டர் கட்டம் ஒன்றை அடையாளம் வைத்து, அதற்குள் இருப்போரை எண்ணுங்கள். வரிசைகளுக்கு ஃப்ரூயினின் வேறு அளவுகள்: ஆளுக்கு 1.21 சதுர மீட்டருக்கு மேல் தாராளம், 0.65-க்குக் கீழே போனால் நின்றவர்களைத் தாண்டிப் போவது கடினம், 0.28-க்குக் கீழ் உடல்கள் உரசும். சதுர மீட்டருக்கு ஐந்து பேரைத் தொட்டுவிட்டால் இந்த வழிகாட்டியை மூடி வையுங்கள். அது உணர்வுப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை. ஏழு பேர் அளவில் கூட்டம் தண்ணீர் போல் அலையும், தனி ஆளால் எதுவும் செய்ய முடியாது. உடனே உள்ளே வருவதை நிறுத்த வேண்டும்.

கேட்கும் விதம்

சொல்லைத் தேர்வதில் கவனம் வேண்டும். ‘கூட்டம்’ ஓரளவு நடுநிலைச் சொல். ‘நெரிசல்’ என்று வாயெடுத்தாலே புகார் தொடங்கிவிட்டது. ‘கலகலப்பு’ பாராட்டு. ‘இங்கே நெரிசல் அதிகமா?’ என்று கேட்டால் ஆமாம் என்பார்கள், ‘கலகலப்பாக இருக்கிறதா?’ என்று அதே ஆளிடம் கேட்டாலும் ஆமாம் என்பார்கள். எண்ணிக்கையையும் இடைஞ்சலையும் இரண்டு கேள்வியாகப் பிரியுங்கள். இந்த வரிசை வேலை செய்யும்:

1. இப்போது உங்கள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்?
2. இந்த நேரத்தில் இவ்வளவு பேர் இருப்பார்கள் என்று நினைத்துத்தான் வந்தீர்களா, கூடவா, குறைவா?
3. இவ்வளவு பேர் இருப்பது உங்களுக்கு எவ்வளவு இடைஞ்சல்? (1 முதல் 9 வரை, அட்டையைக் காட்டி)
4. தெரிந்தவர் எதிரே வந்தால் இரண்டு நிமிடம் நின்று பேச இடம் இருக்கிறதா?
5. வேண்டாம் என்று தோன்றினால் வேறு வழியாகப் போகலாமா?
6. இங்கே அதிகம் தொல்லை தருவது எது?

கடைசிக் கேள்விக்கு விடைகளைப் படித்துக் காட்டக் கூடாது. ஒன்பது புள்ளி அளவுகோல் தாமஸ் ஹீபர்லைனும் ஜெர்ரி வாஸ்கியும் 1977-இல் பொழுதுபோக்கு இடங்களுக்காகக் கொண்டுவந்தது. 1, 2 என்றால் நெரிசல் இல்லை, 3, 4 சற்று, 5 முதல் 7 நடுத்தரம், 8, 9 கடுமை. ஆற்றங்கரைக்கும் காட்டுவழிக்கும் வகுத்த தாங்கு வரம்புகளைத் தெருவுக்கு அப்படியே எடுத்துவந்துவிடாதீர்கள். உங்கள் தெருவையே வேறு நேரத்தோடு ஒப்பிட மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்.

ஒரு நேரத்துக்கு 40 பேராவது வேண்டும். அதற்குக் குறைந்தால் இரண்டு கோபக்காரர்கள் முடிவையே ஆட்டிவிடுவார்கள். சராசரியை விட்டு நடுமதிப்பை (மதிப்பெண்களை வரிசையாக அடுக்கினால் நடுவில் வருவதை) எடுங்கள். அந்த இடத்திலேயே, அந்த நேரத்திலேயே கேளுங்கள். வீட்டுக்குப் போனபின் கேட்டால் அன்றைய மிக மோசமான ஒரு நிமிடம்தான் நினைவில் நிற்கும்.

இதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. அந்த இடம் தாங்க முடியாதவர்கள் அங்கே வருவதையே நிறுத்தியிருப்பார்கள்; உங்கள் 40 பேரில் அவர்கள் இருக்க மாட்டார்கள். முதியோரும் சக்கர நாற்காலியில் இருப்போரும் கணக்கில் காணாமல் போவது இப்படித்தான். பக்கத்துத் தெருக்களில் 15 வீட்டுக் கதவைத் தட்டி, ‘அந்தப் பக்கம் போவதுண்டா, எந்த நேரத்தில் போவதில்லை?’ என்று கேட்டு எழுதுங்கள்.

எண் ஒன்று, உணர்வு இன்னொன்று

நேரத்துக்கு நேரம் நடை எண்ணிக்கையும் இடைஞ்சல் மதிப்பெண்ணும் ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கினால் இடம்தான் குறைச்சல், அகலத்தைத் தேடுங்கள். எண்ணிக்கை ஏறாத இடத்தில் மதிப்பெண் மட்டும் ஏறியிருந்தால்தான் வேலை சுவையாகிறது.

முதலில் சந்தேகப்பட வேண்டியது, யாரைச் சந்திப்பது என்பதில் அங்கே இருப்பவருக்கு ஏதாவது பிடி இருக்கிறதா என்பதை. ஆண்ட்ரூ பாமும் ஸ்டூவர்ட் வாலின்ஸும் 1970-களில் மாணவர் விடுதிகளை ஒப்பிட்டார்கள். ஒன்றில் நீண்ட நடைவழியின் இருபுறமும் அறைகள். 34 பேருக்குப் பொதுவான குளியலறையும் கூடமும். இன்னொன்றில் ஆறு பேருக்கு ஒரு தொகுப்பு. ஆளுக்கான இடம் ஏறத்தாழ ஒன்றுதான். நீண்ட நடைவழிக்காரர்கள்தான் நெரிசல் என்றார்கள், பழகுவதைத் தவிர்த்தார்கள். குளிக்கப் போகும்போதும் பாதி தெரிந்த, பாதி தெரியாத முப்பது முகங்களில் யாரை எதிர்கொள்வோம் என்று தெரியாத நிலை அது. பாமும் க்ளென் டேவிஸும் 1980-இல் அப்படி ஒரு மாடியின் நடுவே சில அறைகளைக் கூடமாக்கிக் கதவு போட்டு, ஏறத்தாழ 40 பேரை இருபது இருபதாகப் பிரித்தார்கள். ஆளைப் பெரிதாகக் குறைக்காமலே புகார் குறைந்தது.

எனவே குடியிருப்பில் மதிப்பெண் ஏறியிருந்தால் ஒரு வாசலை, ஒரு படிக்கட்டை, ஒரு நடைவழியை எத்தனை வீடுகள் பகிர்கின்றன என்று எண்ணுங்கள். 60 வீட்டுக்கு ஒரே வாசல் என்பதை 12 வீட்டுக்கு ஒன்றாக ஐந்து வாசலாக்கினால், வாசலில் எதிர்ப்படக்கூடிய குடும்பங்கள் 59-இலிருந்து 11 ஆகும். இவ்வளவு லாபம் தரும் மாற்றம் கட்டடக் கலையில் அதிகம் இல்லை.

வீட்டுக்குள் இதன் நேர்ச்சொந்தம், உள்ளாழம். வாசலிலிருந்து கடைசி அறைக்குப் போக எத்தனை இடங்களைத் தாண்ட வேண்டும் என்பது. கேரி எவன்ஸும் உடனிருந்தோரும் 1996-இல் காட்டியபடி, ஆழம் கூடிய வீடுகளில் நெரிசலின் மனச் சுமை குறைகிறது. ஒதுங்க ஓரிடம் இருக்கிறது. ஒரே அகன்ற கூடம் படத்தில் அழகு. ஐந்து பேர் அதில் வாழும்போது, ஒரு திரையோ அரைச் சுவரோ கூடுதல் பத்து சதுர அடியைவிட அதிகம் கொடுக்கும்.

இரண்டாவது, பக்கத்தில் இருப்பவர். எவன்ஸும் ரிச்சர்ட் வெனரும் 2007-இல் தினமும் ரயிலில் வேலைக்குப் போவோரின் உமிழ்நீரில் மன அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். பெட்டி முழுவதும் எத்தனை பேர் என்பது பெரிதாகப் பாதிக்கவில்லை. தன் இருக்கை வரிசையில் எத்தனை பேர் என்பதுதான் பாதித்தது. இருக்கை, நிழற்குடை, காத்திருப்புக் கூடம் போடும்போது மூன்று பேர் நீள இருக்கையைத் தவிருங்கள். நடு இடம் காலியாகவே கிடக்கும். கைப்பிடி வைத்துப் பிரித்த இரட்டை இருக்கைகள் குறைந்த பரப்பில் அதிகம் பேரை உட்கார வைக்கும்.

மூன்றாவது, முன்கூட்டித் தெரிவது. எலன் லாங்கரும் சூசன் சேகர்ட்டும் 1977-இல் கூட்டமான பல்பொருள் அங்காடியில், ‘கூட்டத்தில் படபடப்பு வருவது இயல்பு’ என்று சிலரிடம் மட்டும் முன்பே சொன்னார்கள். கேட்டவர்கள் குறைவாகத் தவித்தார்கள், கொடுத்த வேலையையும் நன்றாகச் செய்தார்கள். ஜூடித் ரோடினும் குழுவும் 1978-இல் மின்தூக்கியில் பொத்தான் பலகை அருகே நின்றவர்களுக்கு அதே கூட்டம் குறைவாகத் தெரிந்ததைக் கண்டார்கள். இரண்டாம் கேள்விக்கு ‘எதிர்பார்த்ததைவிடக் கூட’ என்ற விடை அதிகம் வந்தால், எந்த மணி நேரத்தில் கூட்டம் என்று நுழைவிலேயே எழுதி வைப்பது மிக மலிவான முதல் மாற்றம்.

எல்லாக் கூட்டமும் கெட்டது என்ற முடிவுக்கும் போக வேண்டாம். 1962-இல் ஜான் கல்ஹூன் எலிகளை நெருக்கி வைத்துச் சமூகமே சிதைவதைக் காட்டியது இன்றும் மேற்கோளாக வருகிறது. எலிக்கு ஒதுங்கிப் போக வழியில்லை, வரிசையில் நிற்கும் பண்பும் இல்லை. ஜோனதன் ஃப்ரீட்மன் 1975-இல் முன்வைத்த கருத்து தெருவுக்கு நெருக்கமானது: கூட்டம், ஏற்கெனவே இருப்பதைப் பெருக்கிக் காட்டும். மகிழ்ச்சியை மகிழ்ச்சியாக, எரிச்சலை எரிச்சலாக. ஆறாம் கேள்விக்கு வண்டிச் சத்தம், குப்பை, வெயில் என்று விடை வந்தால் ஆட்களை நகர்த்தி எதுவும் ஆகாது.

மாற்றிவிட்டு மீண்டும் அளப்பது

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். கம்பத்தையும் பலகையையும் ஒரே கோட்டில் ஒதுக்கி 60 செ.மீ. மீட்டால், 2.2 மீட்டர் 2.8 ஆகும், அந்த 85 பேர் நிமிடத்தில் மீட்டருக்கு 39 என்பது 30-க்கு இறங்கும், இரண்டாம் தரம். ஓரத்தில் நிற்பதற்கென்று ஒரு மாடம் விட்டால் நடப்பவர் வழியில் நிற்போர் குறைவார்கள். சைகை விளக்கருகே காத்திருக்கும் இடத்தை மட்டும் அகலப்படுத்துவது, நடைபாதை முழுவதையும் அகலப்படுத்துவதைவிட முதலில் செய்யத்தக்கது. அலை பிறப்பது அங்கேதான்.

மாற்றிய மறுநாளே அளக்க வேண்டாம். புதுமைக்காகவே இடைஞ்சல் மதிப்பெண் சற்று இறங்கிக் காட்டும். ஆறு வாரம் கழித்து, அதே கிழமை, அதே நேரம், அதே கோடு, அதே கேள்வித்தாள். நடுமதிப்பு இறங்கி நடை எண்ணிக்கை கூடியிருந்தால், தவிர்த்தவர்கள் திரும்பி வந்திருக்கிறார்கள். அந்த 15 கதவுகளை இன்னொரு முறை தட்டி உறுதிசெய்யுங்கள். எண்ணிக்கை, மதிப்பெண் இரண்டும் இறங்கியிருந்தால் கூட்டம் பக்கத்துத் தெருவுக்குப் போயிருக்கலாம். எண்ணும் கருவியை அங்கே எடுத்துப் போங்கள்.